ஒரே கட்டியில் மூன்று பெயர்கள்

பாலிகஞ்சில் எங்கள் மாடி வீட்டுத் தமிழ் அன்பர் ஒருநாள் மாலை பயாப்ஸி ரிப்போர்ட்டுடன் வந்தார். அவருடைய மகனுக்கு வயது 22. ஒரு விரையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. "அண்ணா, இதுல மூணு பேர் போட்டிருக்கே, பையனுக்கு மூணு புற்றுநோயா?" என்று கேட்டார்.

நான் தண்டவாளம் பார்த்தவன், டாக்டர் அல்ல. அவரோடு டாக்டரிடம் போய்க் கேட்டதையும் பிறகு படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து மாதம் வீட்டில் சொல்லவில்லை. வலியும் இல்லை. இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் ஏமாற்று வேலை.

விரையில் வரும் புற்றுநோய்களில் 100க்கு 95, விந்தணுவாக மாறவேண்டிய மூல உயிரணுக்களிலிருந்து வருபவை. இவற்றில் ஒரு வகை செமினோமா. அறுத்துப் பார்த்தால் ஒரே சீரான வெளிர் சாம்பல் நிறச் சதை. மைக்ராஸ்கோப்பில் பெரிய, தெளிந்த அணுக்கள் கூட்டமாக நிற்க, நடுநடுவே வெள்ளணுக்கள் தெரியும். முப்பதுகளில் அதிகம் வரும். மெதுவாக வளரும், கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாகப் பணியும்.

மற்ற வகைகள் இருபதுகளிலேயே வருகின்றன. மூல அணுவுக்கு ஒரு முழு மனிதனையே உருவாக்கும் சக்தி உண்டல்லவா? கெட்டுப்போன பின்னும் அது அந்த வேலையை அரைகுறையாகச் செய்து பார்க்கிறது. ஆரம்பக் கருவைப் போல வளர்ந்தால் எம்பிரியோனல் கார்சினோமா. கருவின் மஞ்சள்கருப் பையைப் போல வளர்ந்தால் யோக் சாக் கட்டி. நஞ்சுக்கொடியின் திசுவைப் போல வளர்ந்தால் கோரியோகார்சினோமா. இது ரத்தம் கசியும், சீக்கிரம் பரவும். குருத்தெலும்பு, குடலின் உள்தோல் என்று கலந்து கிடந்தால் டெரடோமா. பல வகைகள் ஒரே கட்டியில் சேர்ந்தும் இருக்கும். கூட்ஸ் வண்டியில் பலவித வேகன்கள் கோத்திருப்பதுபோல என்று நண்பருக்குச் சொன்னேன். வண்டி ஒன்றுதான்.

கைக்குழந்தைகளுக்கு வந்தால் யோக் சாக் கட்டியோ டெரடோமாவோதான் அதிகம். என்னைப்போல் அறுபது தாண்டியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் லிம்ஃபோமா. அது வேறு கதை.

முதல் சோதனை அல்ட்ராசவுண்ட். தண்டவாளத்துக்குள் விரிசல் தேட நாங்கள் தள்ளிக்கொண்டு போன கருவியும் இதே தத்துவம்தான். சந்தேகம் வந்தால் பையில் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை. தொடை இடுக்கின் மேலே கீறி விரையை முழுதாக எடுத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டு வியந்தேன். கருவில் விரை சிறுநீரகத்தின் பக்கத்தில் உருவாகிக் கீழே இறங்குகிறது. அதன் நிணநீர்ப் பாதை இன்னமும் மேல் வயிற்றுக்குத்தான் போகிறது. பையின் தோலுக்கோ பாதை தொடை இடுக்குக்கு. பையைக் குத்தினால் நோய்க்கு நாமே ஒரு புது லைன் போட்டுக் கொடுத்ததாகும்.

ரத்தத்தில் ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. என்ற இரண்டைப் பார்க்கிறார்கள். பின்னது கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் அதே ஹார்மோன். சுத்தமான செமினோமா ஏ.எஃப்.பி. சுரக்காது. ஆகவே ரிப்போர்ட்டில் செமினோமா என்று இருந்தும் ஏ.எஃப்.பி. ஏறியிருந்தால், வேறு வகை எங்கோ ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வைத்தியம் செய்வார்கள்.

மருந்தின் கதை என்னைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். 1965ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாவின் ஊடே பிளாட்டினக் கம்பிகளால் மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியா பிரிந்து பெருகுவது நின்றது. மின்சாரத்தால் அல்ல, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினத்தால்! அதிலிருந்து வந்தது சிஸ்பிளாட்டின். 1974ல் இண்டியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். அதுவரை, பரவிவிட்டால் பிழைத்தவர் சிலரே. இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யுவராஜ் சிங் 2012ல் போனது இதே டாக்டரிடம்தான். அவருக்கு வந்ததும் செமினோமாதான். ஆனால் மார்பில், இரு நுரையீரல்களுக்கும் நடுவில். மூல அணுக்கள் கருவில் இடம் பெயரும்போது சில வழியில் தங்கிவிடுவதால் இப்படி நேர்கிறது என்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் சேப்பாக்கத்தில் மறுபடி இந்தியாவுக்காக ஆடினார்.

நம் பையன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டியை எடுத்த பின் ஏ.எஃப்.பி. ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையவேண்டும். அவனுக்கு அப்படி இறங்கவில்லை. ஸ்கேனில் வயிற்றிலும் நிணநீர்க் கட்டிகள் தெரிந்தன. மருந்து தொடங்குமுன் விந்தைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தகப்பனார் தவித்தார். கடைசியில் நான்தான் சொன்னேன். அவன், "டாக்டர் போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டார், மாமா" என்றான்.

ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் கிராஃப் தாளில் ஒரு புள்ளி வைத்து வருகிறோம். மூன்றாவது சுற்றுக்குப் பின் கோடு சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. வயிற்றில் இன்னும் ஒரு சிறு கட்டி இருக்கிறது. அது டெரடோமாவாக இருக்கலாம். டெரடோமா மருந்தில் கரையாது. அடுத்த மாதம் ஆபரேஷன்.