இரும்புப் படகு ஒன்றை வாங்குவதற்கு முன்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மச்சான் என்னைத் தனியே அழைத்துத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கற்பிட்டிப் பக்கம் கரையில் ஏற்றிவைத்திருந்த 45 அடி இரும்புப் படகு. தமிழ்நாட்டில் கட்டிய இழுவைப் படகு. முகப்பில் அந்த நாட்டுப் பதிவெழுத்துக்களும், அதன் கீழே ஒரு பெண்பிள்ளையின் பெயரும் பாதி அழிந்த நிலையில் தெரிந்தன. "22 இலட்சம் கேட்கிறான் மச்சான். புதுசாக் கட்டினா இதுக்குக் கோடிக்கு மேல போகும்" என்றார்.

எங்கள் கையில் இருந்தது 24 இலட்சம். எருக்கலம்பிட்டியில் வாப்பாவின் பேரில் இருந்த காணி அண்மையில்தான் விலைபோயிருந்தது. அதில் ராத்தாவின் பங்கும் என் பங்கும் சேர்ந்த தொகை அது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது நான் ஐந்தாம் ஆண்டு மாணவன். வாப்பா தன் தோணியையும் வலைகளையும் அங்கேயே விட்டு வந்தார். அதன் பிறகு மௌத்தாகும் வரை பிறருடைய படகில்தான் தொழிலுக்குப் போனார். மச்சானும் இன்றுவரை அப்படித்தான். ஆகவே "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய விடயமாக இது இருக்கவில்லை. ஐந்து வாரம் எடுத்து விசாரித்தோம். அந்த ஐந்து வாரத்தில் படித்துக்கொண்டதை, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எமது கரைகளில் இன்று ஓடுபவை பெரும்பாலும் பைபர் படகுகள். இரும்புப் படகைச் சுத்தியலும் வெல்டிங் இயந்திரமும் இருக்கும் எந்த ஊரிலும் திருத்தலாம். பாறையில் மோதினால் அது நெளியும், உடனே பிளந்துவிடாது. பழையது மலிவாகவும் கிடைக்கிறது. இந்த மூன்றும் உண்மைதான். மலிவாகக் கிடைப்பதன் காரணத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்திலிருந்து பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும் ஒரு பரிசோதனை இருக்கிறது. ஈரமான இரும்புத் தூளைச் சோதனைக் குழாயின் அடியில் ஒட்டவைத்து, குழாயை நீருள்ள முகவையில் தலைகீழாக நிறுத்திவைப்போம். சில நாட்களில் இரும்பு துருப்பிடிக்க, குழாய்க்குள் நீர் மேலேறி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் நின்றுவிடும். உள்ளே இருந்த ஒட்சிசனைத் துரு எடுத்துக்கொண்டது என்பதுதான் பாடம். இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடம் ஒரு மனிதனின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பது அந்தப் படகின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு வெல்டிங் பாஸை அழைத்துப் போனோம். அறுபதைத் தாண்டிய மனிதர், தமிழும் நன்றாகப் பேசுவார். வெளிப்பக்கத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "சேர், இரும்புப் படகு உள்ளே இருந்துதான் சாகும்" என்றார். வெளிப்புறத்தை எல்லோரும் சுரண்டிப் பெயின்ற் அடிப்பார்கள். உள்ளே மீன் வைக்கும் அறையின் அடியில் ஐஸ் உருகிய நீரும் மீன் இரத்தமும் உப்பும் தேங்கி நிற்கும். அந்த அறையின் சுவரில் குளிர் காப்பதற்காக அடைத்த நுரைக்குப் பின்னால் ஈரம் ஏறினால் காய்வதற்கு வழியே இல்லை. என்ஜினுக்குக் கீழே கை நுழையாத இடமும், எண்ணெய்த் தாங்கியின் அடிப்பக்கமும் அப்படித்தான்.

முதலில் அவர் காட்டியது அடித்தளத்தில் ஊற்றியிருந்த சீமெந்து. பழைய இரும்புப் படகுகளில் பள்ளமான இடங்களில் நீர் தேங்காதிருக்கச் சீமெந்து போடுவதுண்டு, அதில் தவறில்லை. அது இரும்போடு ஒட்டியிருக்கும்வரை நல்லது. விளிம்பில் ஒரு மயிரிழை பிளந்து உப்புநீர் உள்ளே இறங்கிவிட்டால், தகடு கரைவது மேலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியாது. இந்தப் படகில் ஓரிடத்தில் சீமெந்து புதியதாக இருந்தது. ஏன் புதிதாகப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு விற்பவரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை.

அடுத்தது துத்தநாகக் கட்டிகள். கடல்நீரில் இரும்பும் பித்தளைச் சுக்கானும் புரொப்பல்லரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம் போலவே வேலை செய்யும். கரைவது இரும்பாகத்தான் இருக்கும். இரும்பைவிட இலகுவில் கரையும் துத்தநாகத்தை அடிப்பக்கத்தில் பூட்டினால், அது தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். அது தேய்ந்துபோயிருந்தால் வேலை செய்திருக்கிறது என்று பொருள். இந்தப் படகில் கட்டிகள் எட்டும் புத்தம் புதியவை போல் முழுசாக இருந்தன. மச்சான் சந்தோஷப்பட்டார். பாஸ் சிரித்தார். யாரோ கட்டிகளின் மேலேயே பெயின்ற் அடித்திருக்கிறார்கள். பெயின்ற் மூடிய துத்தநாகம் நீரைத் தொடாது, எதையும் காக்காது. அந்தப் படகு எத்தனை காலம் காவலில்லாமல் கடலில் கிடந்ததோ தெரியாது.

துருவைக் கண்டு மட்டும் பயப்படத் தேவையில்லை என்றும் அவரே சொன்னார். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாக ஊதி நிற்கும். கைப்பிடி கைப்பிடியாகப் பெயர்ந்து விழுவது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் கீழே நல்ல தகடு இருக்கலாம். மேலே வழவழப்பாகப் பெயின்ற் இருக்கும் இடத்தில் தகடு தாள்போல் மெலிந்தும் இருக்கலாம். அளந்தால்தான் தெரியும். கழியொலியால் தடிப்பு அளக்கும் சிறு கருவியை வாடகைக்கு எடுத்தோம். சோக்கட்டியால் படகு முழுதும் கட்டம் போட்டேன் (வகுப்பறைப் பழக்கம்). ஒவ்வொரு புள்ளியிலும் பெயின்ற்றையும் துருவையும் சுரண்டி, வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துத்தான் கருவியை வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அளவீடு பொய் சொல்லும்.

96 இடங்களில் அளந்து கொப்பியில் எழுதினோம். அடித்தளத் தகடு கட்டும்போது 6 மில்லிமீற்றர். மூலத் தடிப்பில் கால்வாசி குறைந்துவிட்டால் அந்தத் தகட்டை மாற்றவேண்டும் என்பது பாஸ் வைத்திருக்கும் அளவுகோல், கப்பல் பரிசோதனைகளிலும் ஏறத்தாழ இந்தக் கணக்குத்தான். அப்படியென்றால் 4.5 மில்லிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. பக்கத் தகடுகள் நன்றாகவே இருந்தன, அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் மீன் அறைக்கும் என்ஜினுக்கும் கீழே 23 இடங்களில் 4.5க்குக் குறைவு. ஆகக் குறைந்தது 2.1. புதுச் சீமெந்துக்கு அருகில் பாஸ் சுத்தியலால் தட்டியபோது "டங்" என்ற ஓசை வரவில்லை, "தொப்" என்றது. இரண்டாவது தட்டில் சுத்தியல் மறுபக்கம் போய்விட்டது. விற்பவர் கோபப்பட்டார்.

மெலிந்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து ஒட்டிவிடலாமே என்று மச்சான் கேட்டார். கரைகளில் அப்படித்தான் பலரும் செய்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு இடையில் சிக்கும் ஈரம் உள்ளிருந்து இரண்டையும் தின்னும், ஒட்டுவதற்கே போதிய தடிப்பில்லாத இரும்பில் ஒட்டும் நிற்காது. வெட்டியெடுத்து, நல்ல தகடு தொடங்கும் இடம்வரை போய், புதியதைப் பொருத்துவதுதான் முறை. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பு 7.85 கிலோ. 6 மில்லிமீற்றர் தகடு என்றால் சதுர மீற்றருக்கு 47 கிலோ. எங்களுக்கு 18 சதுர மீற்றர் தேவைப்பட்டது, அதாவது ஏறத்தாழ 850 கிலோ. கேட்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு தகட்டை வெட்ட வேண்டுமென்றால் அதற்கு மேலே இருக்கும் என்ஜினைத் தூக்கவேண்டும், நுரையைப் பிடுங்கவேண்டும். செலவு இரும்பில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

நுரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிப்பக்கம் வெல்டிங் செய்யும்போது உள்பக்கச் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், அந்தப் புகை நஞ்சு. இப்போது முன்பு சொன்ன சோதனைக் குழாய்க்கு வருகிறேன். பல வருடம் மூடிக்கிடந்த இரும்புத் தாங்கியும் அந்தக் குழாயும் ஒன்றுதான். உள்ளே துருப்பிடித்த சுவர்கள் காற்றிலிருந்த ஒட்சிசனைத் தின்று முடித்திருக்கும். கெட்ட வாசம் எதுவும் வராது, எந்த அடையாளமும் இருக்காது. உள்ளே தலையை விட்டவர் ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். உலகெங்கும் கப்பல்களில் இப்படி இருவர் மூவராக இறந்திருக்கிறார்கள். அன்று மூடியைக் கழற்றியதும் உள்ளே இறங்கிப் பார்க்கத் தயாராக நின்றவன் என் ராத்தாவின் மகன், பதினேழு வயது. பாஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு நாள் திறந்துவைத்து, காற்றடிக்கும் இயந்திரத்தால் உள்ளே காற்று ஓடவிட்டு, வாயு அளக்கும் கருவியால் பார்த்த பிறகுதான் யாரையும் இறக்கலாம்.

பெயின்ற் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணல் அடித்து வெள்ளையாக்கிய இரும்பு, கடற்காற்றில் சில மணித்தியாலத்தில் மீண்டும் செம்மை தட்டும். அன்றைக்கு முதல் பூச்சுப் பூசக்கூடிய அளவை மட்டுமே அன்றைக்கு அடிக்கவேண்டும். அதற்கு முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவவேண்டும். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் போனால் பூசக்கூடாது. எங்கள் பகுதியில் மே முதல் செப்டெம்பர் வரை உப்பும் மணலும் சுமந்த கச்சான் காற்று, ஒக்டோபரில் மழை. ஆக, வேலை செய்யத் தோதான மாதங்கள் சொற்பம். ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போய்விடும், அந்த வருடம் முழுக்கக் கரை வாடகையும் கொடுக்கவேண்டும்.

கணக்கைப் போட்டோம். தகடும் வெல்டிங்கும் 14 இலட்சம். மணலடிப்பும் பெயின்ற்றும் 11. என்ஜின், கியர், சாப்ட் 16. ஏற்றி இறக்கவும் கரை வாடகைக்கும் 5. வயரிங், பம்புகள், உயிர்காப்பு அங்கிகள், வயர்லஸ் 6. மொத்தம் 52. திறக்கும் முன் தெரியாதவை திறந்த பின்தான் தெரியும் என்பதால் மூன்றிலொரு பங்கைக் கூட்டவேண்டும் என்றார் பாஸ், 69 ஆயிற்று. வாங்கும் விலையோடு 91 இலட்சம். இதற்கு மேல் ஓட்டச் செலவு. இரும்புப் படகு பாரம் கூடியது, டீசலும் கூடக் குடிக்கும். 2022 ஜூனில் லீற்றர் 460 ரூபா வரை போன நாட்களை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை.

மீதிக்கு லீசிங் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. வட்டி என்பதால் ராத்தா உடனேயே மறுத்துவிட்டார். பங்குக்கு ஆள் சேர்க்கலாமா என்று பார்த்தோம். பங்குத் தொழிலில் இலாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பிரிக்கலாம், நட்டத்தை அவரவர் போட்ட முதலின் அளவில்தான் சுமக்கவேண்டும். இதை விளக்கிச் சொன்னதும் இரண்டு பேர் மெதுவாக நழுவிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்வதற்கில்லை.

கடைசியாகப் பத்திரம். உண்மையில் இதைத்தான் முதலில் பார்த்திருக்கவேண்டும், நாங்கள் கடைசியில் பார்த்தோம். எமது கடலில் அத்துமீறிப் பிடிபட்ட தமிழ்நாட்டுப் படகுகள் 2022 பெப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் அரசினால் ஏலம் விடப்பட்டன. "அப்படி வந்ததுதான் இது" என்றார் விற்பவர். ஆனால் ஏலச்சீட்டு அவரிடம் இல்லை, தனக்கு விற்றவரிடம் இருக்கிறதாம். ஓட்டுவதற்காகக் கொடுத்தார்களா, உடைத்தெடுக்கக் கொடுத்தார்களா என்பது அந்தச் சீட்டில்தானே இருக்கும்? என்ஜின் இலக்கம் அதில் உள்ளதோடு பொருந்தவேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ்ப் பதிவில்லாமல் மீன்பிடிக்க முடியாது. இழுவைமடியோ 2017இல் வந்த திருத்தச் சட்டத்தால் தடை. ஆகவே அந்தப் படகு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தொழிலை இங்கே அதைக்கொண்டு செய்யவே முடியாது. இந்த இழுவை மடிகள் எங்கள் ஆட்களின் வலைகளை எத்தனை இரவு அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன என்று மச்சானே மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் முகப்பில் இருந்த அந்தப் பிள்ளையின் பெயரைச் சுரண்டலாமா என்று நான் கேட்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை. படகை விட்டுவிட்டு வருவது என்ன என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஏலச்சீட்டைக் கொண்டுவந்தால், பழைய இரும்பு விலையில் வெட்டுக்கூலியைக் கழித்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இழுத்துக்கொண்டு போக முடியாத படகுக்கு அதற்கு மேல் விலையில்லை என்பது பாஸின் கணக்கு. விற்பவர் இரண்டு தடவை போன் எடுத்து விலையைக் குறைத்தார், சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை.

மச்சான் இப்போது பத்தொன்பதரை அடிப் பைபர் படகொன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், வெளி இணைப்பு இயந்திரத்தோடு. ஆழ்கடலுக்குப் போக முடியாது, களப்பிலும் கரையோரத்திலும்தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது, "அந்த இரும்புப் படகு இன்னும் அங்கதான் கிடக்குது மச்சான்" என்றார். நானும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், அவரிடம் சொல்லவில்லை.