பழைய காரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார்

பழைய கம்ப்யூட்டரின் பாகங்களைப் புதிய கேபினெட்டில் பொருத்துகிறோம் அல்லவா? அமெரிக்காவில் காரையும் இப்படிச் செய்கிறார்கள். டெக்சாஸில் உருவான 'காப்ளின்' கிட்டில் இரும்புக் குழாய்ச் சட்டம் கிடைக்கும். இன்ஜின் முதலான பாகங்களை 2005-2010 மாடல் செவர்லே கோபால்ட் காரிலிருந்து கழற்ற வேண்டும். கோபால்ட்டில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்பக்கம் ஒரே தொகுப்பாக இருக்கும். அதை அப்படியே சீட்டுக்குப் பின்னால் பொருத்தினால் பின்சக்கரங்களைச் சுழற்றும். இதுவே மிட் இன்ஜின்.

சாப்ட்வேர் இன்ஜினியரான என்னைக் கவர்வது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான். திருட்டைத் தடுக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் சரியான சங்கேதம் அனுப்பினால்தான் இது இன்ஜினை ஓடவிடும். இரண்டில் ஒன்றை வேறு காரிலிருந்து எடுத்தால், மறுபடி இணைத்துப் பழக்கும் வரை கார் கிளம்பாது. எனவே ஓடும் நிலையிலுள்ள காரையே வாங்குங்கள். கம்ப்யூட்டர்கள், ஒயர்கள், சாவி அனைத்தையும் அதே காரிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் பெயர் எழுதி ஒட்டிய பிறகே கழற்றுங்கள்.