கருவேலம் மூடிய அத்தா நிலம்: மீட்க என்ன வழி?

மதுரையிலிருந்து திருமங்கலம், கள்ளிக்குடி வழியாகத் தெற்கே போகும்போது சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். அதில் நம் சமுதாயத்துக் குடும்பங்களின் நிலமும் இருக்கிறது. அத்தா மௌத்தான பிறகு பாகம் பிரித்து, ஒரு பிள்ளை துபாயில், ஒரு பிள்ளை சென்னையில், மகள் மதுரையில் என்று ஆகிவிட்டால் நிலத்தை யார் பார்ப்பது? பத்து வருடம் போட்டு வைத்தால் போதும், கருவேலம் மூடிவிடும். "இது எதற்கும் லாயக்கில்லை" என்று சொல்லி பிளாட் போடுபவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

உண்மையில் அந்த மண் லாயக்கில்லாததா? இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. நம்மவர்கள் நிறைந்த ஊரான அபிராமத்துக்கு அருகில் வல்லந்தை என்ற கிராமம். 2007 வாக்கில் பஞ்சாபிலிருந்து வந்த சில சீக்கிய விவசாயிகள் அங்கே கருவேலம் மண்டிய தரிசு நிலத்தை நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். இன்று அங்கே மாவும் கொய்யாவும் நெல்லியும் காய்க்கின்றன. அவர்களிடம் முதலும் இயந்திரமும் இருந்தன, நமக்கு இல்லை என்பது சரிதான். ஆனால் அதே வெயில், அதே மழைதானே!

செத்த மண்ணுக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் முறையை இப்போது உலகம் முழுக்க மீளுருவாக்க வேளாண்மை என்று சொல்கிறார்கள். மண்ணை வெறுமனே வெயிலில் காயவிடாமல் மூடி வைப்பது, ஒரே பயிராக இல்லாமல் பலவற்றை விதைப்பது, உழவைக் குறைப்பது, கால்நடையை நிலத்துக்குள் கொண்டுவருவது ஆகியவைதான் அதன் அடிப்படை. பெயர் புதிது. மதுரைச் சீமைக்குச் செயல் பழசு.

உங்கள் நிலத்தின் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் அங்கக கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போட்டிருப்பார்கள். மட்கிய இலைதழை, சாணம், வேர், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அது குறைந்தால் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பாதிக்கு அருகில் வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பெய்கிற நாளில் பிடித்து வைக்கத் தெரியாத மண்ணில் மாசி மாதமே வறட்சிதான்.

இதற்கு நம் பகுதியில் இருக்கும் சிறந்த மருந்து கிடை. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளை அடைத்து வைப்பதைத்தான் கிடை போடுவது என்கிறோம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் ஆடுகள் தாள்களையும் புல்லையும் மேயும். இரவில் பட்டிக்குள் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழும். மறுநாள் பட்டி அடுத்த இடத்துக்கு நகரும். ஐந்நூறு ஆடு கொண்ட மந்தை என்றால் ஓர் ஏக்கருக்கு நான்கு இரவுகள் தேவைப்படும். குப்பையில் கொட்டி வைத்த எருவில் பாதிச் சத்து காற்றோடும் மழையோடும் போய்விடும். கிடையில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் கிடை முடிந்ததும் மேலாக ஓர் உழவு போட்டு மூடிவிட வேண்டும், தாமதித்தால் மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து ஆவியாகிவிடும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு அடுத்த வருஷம் என்று பெரியவர்கள் சொல்வது இந்த வேகத்தைத்தான். மாட்டுக்கிடைக்குப் புளிகுளம் மாடுகள் இருக்கின்றன. ஜல்லிக்கட்டில் பெயர் வாங்கிய அதே இனம், மந்தையாகவே வளர்வது.

நாம் குர்பானிக்கு வாங்கும் கிடாக்களில் எத்தனை இப்படிப்பட்ட மந்தையிலிருந்து வருகின்றன என்று யோசித்திருக்கிறோமா? சந்தையில் பேரம் பேசும்போது அந்த ஆடு யாருடைய வயலை வளப்படுத்திவிட்டு வந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. மேய்ச்சல் நிலம் சுருங்கி, கீதாரிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் நஷ்டம் வயலுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கருவேலங்காயை ஆடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். கிடை போட்ட நிலத்தில் முதல் மழைக்குப் பின் கருவேலங்கன்று தலைகாட்டினால் கையோடு பிடுங்கிவிடுங்கள். வளர்ந்த மரத்தை வெட்டினால் போதாது, அடியோடு தோண்டி எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது பல இடங்களில் மேலே வெட்டிவிட்டு வந்தார்கள், அடுத்த மழையில் பழைய கதைதான்.

தோண்டிய நிலத்தைச் சும்மா விடக்கூடாது. கோடையில் வரப்பை உயர்த்துங்கள். செம்மண் நிலமாக இருந்தால் கண்மாய் வண்டல் அடிப்பது நல்ல பலன் தரும். விவசாயத்துக்குக் கட்டணம் இல்லாமல் வண்டல் எடுக்க 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி தருகிறார்கள். ஆடி, ஆவணியில் ஒரு மழை கிடைத்ததும் தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி, பயறு வகை, சிறுதானியம் எல்லாம் கலந்து விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். மறைந்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த பலதானிய விதைப்பு இதுதான். பிறகு பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் போல மானாவாரியில் குதிரைவாலி போடலாம். முதல் வருடமே லாபம் எதிர்பார்க்காதீர்கள். மூன்று வருடம் பொறுமை வேண்டும்.

தரிசை உயிர்ப்பிப்பது மார்க்கத்தில் சிறு விஷயம் அல்ல. நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு அது ஸதகா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் தானே பயிரிட வேண்டும், இல்லையேல் தன் சகோதரருக்குப் பயிரிடக் கொடுக்க வேண்டும் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. மேய்ச்சலுக்கென்று ஒரு பகுதியைப் பாதுகாத்து வைக்கும் 'ஹிமா' முறையை மதீனாவில் நபியவர்களும், பின்னர் உமர் (ரலி) அவர்களும் நடைமுறைப்படுத்தினார்கள். லெபனானில் அதை இந்த நூற்றாண்டில் மீண்டும் உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

விளைந்தால் ஜகாத்தும் கடமையாகும் என்பதை மறந்துவிடுகிறோம். மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. ஷாஃபி மத்ஹபில் ஐந்து வஸக், அதாவது சுமார் 650 கிலோ எட்டினால்தான் கடமை. ஹனஃபியில் அந்தக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. மதுரையில் இரு மத்ஹபினரும் இருப்பதால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துபாயில் இருக்கும் சகோதரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாகத்தைப் பிரித்து வரப்பு போடும் முன், நான்கு பேரும் சேர்ந்து முழு நிலத்துக்கும் ஒரே கிடை பேசுங்கள். துண்டு நிலத்துக்கு மந்தை வராது. அதையும் தை பிறந்ததுமே பேச வேண்டும். மாசி கடைசியில் தேடினால் கீதாரிகள் வேறு ஊருக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள்.