தாளித்தால் ரசம் பாயசமாகுமா?

முரட்டுக் கிடாரும் முழங்கும் டிரம்முமாக 1985-ல் நியூயார்க்கில் கிளம்பிய குழு 'ஒயிட் ஜாம்பி'. 1995-ல் அவர்கள் வெளியிட்ட 'ஆஸ்ட்ரோ க்ரீப் 2000' இசைத்தட்டில் ஒரே இயந்திர ஓசை! சார்லி க்ளௌசர் என்பவர் மின்கருவிகளால் கோத்துக் கொடுத்தது. அப்படியானால் இது 'இண்டஸ்ட்ரியல் ராக்', அதாவது ஆலைச் சங்கீதம்தானா?

அந்தப் பெயரின் பூர்வீகம் தெரியுமா உங்களுக்கு? 1976-ல் லண்டனில் 'த்ராபிங் கிரிஸில்' குழுவினர் தங்கள் இசைத்தட்டுக் கம்பெனிக்கு 'இண்டஸ்ட்ரியல் ரிகார்ட்ஸ்' என்று நாமகரணம் செய்தார்கள். அவர்களுக்கு இரைச்சல்தான் சாதம். ஒயிட் ஜாம்பிக்கோ அது வெறும் தாளிப்பு. கடுகு வெடித்ததும் ரசம் பாயசமாகிவிடுமா, நீங்களே சொல்லுங்கள்! ஓசையைக் கழித்தாலும் கிடாரும் பாட்டும் கம்பீரமாக நிற்கின்றனவே. 'மோர் ஹ்யூமன் தேன் ஹ்யூமன்' என்ற பாட்டு மட்டும் இயந்திரத் துடிப்பின் மேலேயே ஓடுகிறது. அந்த ஒன்றை வேண்டுமானால் எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுக்கலாம்.