கமிஷன் கேட்பதற்கு முன்

"இது மேல வரைக்கும் போவுது. விசாரணைக் கமிஷன் வெச்சாத்தான் உண்மை வெளிய வரும்." மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சாக இருந்தாலும் சரி, சென்னைக் கோட்டையாக இருந்தாலும் சரி, ஊழல் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் கமிஷனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

விசாரணைக் கமிஷன்கள் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்படுகின்றன. சாட்சியை அழைக்கலாம், கோப்பைக் கேட்டு வாங்கலாம், சத்தியப் பிரமாணம் செய்ய வைத்து விசாரிக்கலாம். தண்டனை மட்டும் கொடுக்க முடியாது. கமிஷன் தருவது அறிக்கை. அதை ஏற்பதும் கிடப்பில் போடுவதும் அரசின் இஷ்டம். டால்மியா வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் சர்க்காரியா கமிஷன். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., 1972-ல் முதல்வர் கருணாநிதியின் அமைச்சரவை மீது புகார்ப் பட்டியல் ஒன்றைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தார். அப்போது எதுவும் நடக்கவில்லை. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டது; பிப்ரவரி 3-ல் நீதிபதி சர்க்காரியா தலைமையில் கமிஷன் வந்துவிட்டது. சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வீராணம் திட்டம், வயல்களுக்கு விமானத்தில் பூச்சிமருந்து அடித்த ஒப்பந்தம் என்று பலவற்றையும் அது துருவியது. அறிக்கை இன்றுவரை மேடைதோறும் பேசப்படுகிறது. தண்டனை பெற்றவர் யாரும் இல்லை. கமிஷனை அமைத்த காங்கிரசும் விசாரிக்கப்பட்ட தி.மு.க.வும் 1980 தேர்தலில் கைகோத்து ஓட்டுக் கேட்டன.

அடுத்த கதை செலவுக் கணக்கு. ஓமந்தூரார் வளாகத்தில் தி.மு.க. ஆட்சி கட்டிய புதிய தலைமைச் செயலகத்தில் முறைகேடு என்று 2011-ல் அ.தி.மு.க. அரசு ரகுபதி கமிஷனை அமைத்தது. ஏழு ஆண்டுகள், 4 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, அறிக்கை இல்லை. 2018-ல் உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்ட பிறகு நீதிபதி விலகினார்.

கமிஷன் பலித்ததும் உண்டு. எல்.ஐ.சி. பணம் முந்த்ரா நிறுவனங்களில் போடப்பட்டதை 1958-ல் நீதிபதி சாக்லா சில வாரங்களில் பொதுவெளியில் விசாரித்து முடித்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அன்றைய கூச்சம் வேறு.

முதல்வராக இருந்த ஒருவர் தமிழ்நாட்டில் சிறைக்குப் போனது எந்தக் கமிஷனாலும் அல்ல, வழக்கால். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தனிப் புகாரில் தொடங்கி, லஞ்ச ஒழிப்புத் துறையின் புலன்விசாரணைக்குப் போய், பெங்களூரு தனி நீதிமன்றத்தில் 2014-ல் 4 ஆண்டுச் சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் என்று முடிந்தது. மேல்முறையீட்டில் அங்குள்ள உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை மீட்டது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். இருபது ஆண்டு இழுத்தாலும் அது தீர்ப்பு.

ஆகவே மலையிலிருந்து புகார் செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது, யார்மீது புகார் என்பதை. அமைச்சர், எம்.எல்.ஏ., அரசு அதிகாரி என்றால் சென்னையிலுள்ள லோக் ஆயுக்தா. சம்பவம் நடந்து நான்கு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொய்ப்புகார் என்று தெரிந்தால் ஓராண்டுவரை சிறை உண்டு. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகே 2018 ஜூலையில் லோக் ஆயுக்தா சட்டம் அவசரமாக நிறைவேறியது. அதிகாரம் போதாது என்று தி.மு.க. வெளிநடப்பு செய்தது. ஊராட்சி, ஒன்றியம் சார்ந்த புகாருக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவம் தனியாக இருக்கிறது. இடம் மாற்றிக் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

கையில் காகிதம் இல்லாமல் எங்கும் போக வேண்டாம். மலைச் சாலையோ தொகுப்பு வீடோ சரியில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேடு) நகல் மூன்றையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். எம்-புக்கில் எழுதிய அகலத்தையும் கனத்தையும் நாலு பேர் முன்னால் டேப் வைத்து அளந்தால் பாதிப் புகார் தானே எழுதிக்கொள்ளும்.

மலையாளி பழங்குடிப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வருவது. அதற்கு இடையில் யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். நோட்டில் பினாப்தலின் பொடி தடவி, எண்களைக் குறித்து, சாட்சிகளோடு அனுப்புவார்கள். வாங்கியவரின் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். வேறு வழியில்லாமல் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் கொடுத்தவர்மீது குற்றமில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு, சொல்லாவிட்டால் கொடுத்தவரும் குற்றவாளி.

பெரிய அதிகாரிகள், அமைச்சர்கள் விஷயத்தில் முட்டுக்கட்டை வேறு. அவர்கள் எடுத்த முடிவை விசாரிக்கவே ஊழல் தடுப்புச் சட்டம் 17ஏ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். மூன்று மாதம், மிஞ்சினால் இன்னொரு மாதத்தில் அனுமதியா மறுப்பா என்று சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு எழுத்தில் கேட்பது புகார்தாரரின் வேலை.

இவ்வளவுக்கும் பிறகு கமிஷனே வந்தால், ஒதுங்கி நிற்காதீர்கள். பொது அறிவிப்பு வந்ததும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். அங்கே சொன்ன சாட்சியத்தை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறெதிலும் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அறிக்கை வந்து ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று அதே 1952 சட்டம் சொல்கிறது. தொகுதி எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

அடுத்த திங்கட்கிழமை போளூர் வழியாக மலையிறங்கித் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், மனுவில் 'கமிஷன் அமைக்கவும்' என்பதோடு நிறுத்தாமல் 'வழக்குப் பதிவு செய்து விசாரிக்கவும்' என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.