பயோட்டின் வாங்கும் முன் தவிட்டைக் குறையுங்கள்!

மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக் குதிரை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘ஒன்றரை வயதுக் குட்டி, சுமார் 200 கிலோ எடை. இன்னும் லாடம் அடிக்கவில்லை. குளம்பு ஓரம் உதிர்கிறது. தவிடும் கோ-4 புல்லும்தான் தீவனம். பயோட்டின் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?’

பயோட்டின் குளம்புக்கு நல்லதுதான். ஆனால், இந்தக் குட்டிக்கு முதல் தேவை கால்சியம்.

தவிடும் புல்லும் செய்யும் வேலை

அரிசித் தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்கு வேண்டியதோ நேர் எதிர்: ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் உடலில் சேரவிடாது. மாடு, அசைபோடும் வயிற்றில் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை.

கால்சியம் போதாதபோது உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். குட்டி காரணமில்லாமல் நொண்டும். நாளடைவில் முக எலும்பு உப்பும். மாவு மில் குதிரைகள் தவிடு தின்று இப்படிப் பாதிக்கப்பட்டதால், மேலை நாடுகளில் இதை ‘மில்காரர் நோய்’ என்றே அழைத்தார்கள்.

ஒரு நாள் தீவனம்

பசும்புல் 10 கிலோ, குதிரை மசால் 5 கிலோ, காய்ந்த புல் 1 கிலோ, வேகவைத்த கொள்ளு அரை கிலோ (வேகவைக்கும் முன் எடை), உடைத்த மக்காச்சோளம் அரை கிலோ. பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பெயரிலேயே குதிரையைச் சுமக்கும் குதிரை மசாலில் கால்சியம் அதிகம். புதிய தீவனத்துக்கு பத்து நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள்.

தானியத்தைக் கூட்டினால் குட்டி சீக்கிரம் வளரும் என்று நினைக்க வேண்டாம். அதிவேக வளர்ச்சியில் மூட்டுகள் வீங்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையையே பாதிக்கும். கடலோர ஈரக்காற்றில் மூட்டையைக் கவனியுங்கள்.

எதை, எந்த வரிசையில் வாங்குவது?

1. தீவனத் தரமுள்ள கால்சைட் தூள், தினம் 20 முதல் 30 கிராம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடாது.

2. கல் உப்பு, தினம் 20 கிராம் அளவில். எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

3. தாமிரமும் துத்தநாகமும் உள்ள தாது உப்புக் கலவை. குளம்பு உறுதிக்கு இவை அவசியம். ஒரே சமயத்தில் இரண்டு கலவைகள் வேண்டாம். செலீனியம் மிஞ்சினால் குளம்பே கழன்றுவிடும்.

4. இவற்றுக்குப் பிறகும் கையில் காசிருந்தால் பயோட்டின், தினம் 15 மில்லி கிராம். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். எனவே, ஆறு மாதமாவது கொடுத்தால்தான் பலன் தெரியும்.

எந்தச் சத்தும் குளம்பு சீவுவதற்கு மாற்று இல்லை. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவுங்கள். நொண்டல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீவனம் பற்றிய ஆலோசனைக்கு, செங்கல்பட்டு மாவட்டத்தினர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

மேலும் சில கேள்விகள்

கறவை மாட்டுத் தீவனம் கொடுக்கலாமா?

வேண்டாம். சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மொனென்சின் சேர்ப்பார்கள். அது சிறிதளவு போனாலும் குதிரையின் இதயம் பழுதாகி இறக்கக்கூடும்.

ஆட்டுக்கு வெட்டும் சவுண்டல் தழை?

அதிலுள்ள மைமோசின் குதிரையின் பிடரி, வால் மயிரைக் கொட்டவைக்கும், குளம்பையும் கெடுக்கும். தவிருங்கள்.

மணலில் போட்டுத் தீனி வைக்கலாமா?

கூடாது. தீனியோடு மணலும் குடலில் சேர்ந்து கடும் வயிற்றுவலி வரும். தொட்டியில் வையுங்கள். சந்தேகம் இருந்தால், கொஞ்சம் சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால் மருத்துவரை அழையுங்கள்.