எலிப் புழுக்கையும் துடைப்பமும்

எலி என்றவுடன் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருவது பொருள் நஷ்டமே. கஞ்சி தோய்ந்த பாவை அது கடித்து அறுக்கிறது. விதை மூட்டையைத் துளைக்கிறது. இருப்புப் புத்தகத்தில் குறைவு எழுத நேரிடுகிறது. ஆனால் எலியின் புழுக்கையாலும் சிறுநீராலும் மனிதரின் உடலுக்கு விளையும் தீங்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அது இரு வழிகளில் நம்மை வந்தடைகிறது.

முதலாவது வழி ஈரம். எலிக்காய்ச்சலுக்குக் காரணமான லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலி, பெருச்சாளி முதலியவற்றின் சிறுநீரோடு வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிருடன் இருக்கும். கால்வெடிப்பு, கைக்கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும். இந்நோயின் கடுமையான வகையை ஜெர்மானிய வைத்தியர் அடால்ப் வைல் 1886இல் விவரித்தார். சேற்றில் இறங்கும் விவசாயிக்கு மட்டுமின்றி, மழைக்காலத்தில் ஈரம் ஊறும் குழித்தறியில் வெறுங்காலால் மிதிக்கும் நெசவாளருக்கும் இவ்வபாயம் உண்டு.

இரண்டாவது வழி தூசி. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், ஐக்கிய நாடுகள் படையினர் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் காரணம் விளங்காத இரத்தப்போக்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அதை உண்டாக்கும் ஹாண்டா வைரஸை, 1976இல் லீ ஹோ-வாங் என்னும் கொரிய விஞ்ஞானி ஒரு வகை வயல் எலியிடம் கண்டறிந்தார். 1993இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு வைரஸ் நுரையீரலைத் தாக்கிப் பலரை மாய்த்தது. காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூளாகிக் காற்றில் எழ, அதைச் சுவாசிப்பதே இந்நோய் பற்றும் முக்கிய வழியாகும். நம் பக்கத்தில் இந்நோய் அரிதே. எனினும் எலித்தூசியைச் சுவாசிக்கலாகாது என்னும் பாடம் எங்கும் பொருந்தும்.

தணிக்கை நாளன்று காலையில் கிடங்கை அவசர அவசரமாகப் பெருக்கி வைப்பது பல சங்கங்களின் வழக்கம். நான் சென்று சேர்வதற்குள் தூசி அடங்கிவிடும். அதைச் சுவாசித்தவர் பெருக்கிய ஊழியரே. ஆகையால் காய்ந்த புழுக்கையின்மேல் துடைப்பம் படலாகாது. கைக்கொள்ள வேண்டிய முறை பின்வருமாறு:

1. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அரைமணி நேரம் வெளியே இருக்கவும்.

2. ரப்பர் கையுறையும் செருப்பும் அணியவும். புழுக்கை மிகுதியாயிருந்தால் என்-95 முகமூடி அவசியம். மேல்துண்டு தூசியை முற்றும் தடுக்காது.

3. லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 20 கிராம் பிளீச்சிங் பவுடரை அன்றன்று கரைத்து, புழுக்கை, எலிக்கூடு, செத்த எலி ஆகியவை நன்கு நனையும்படி ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிடவும். இதனுடன் அமிலம் எதையும் கலக்கலாகாது.

4. பழந்துணியால் துடைத்தெடுத்து, பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்தவும். பின்னர் தரையை அதே நீரால் துடைக்கவும்.

5. கையுறையைக் கழுவிய பிறகே கழற்றி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.

பிளீச்சிங் நீர் சாய நூலிலும் பட்டிலும் பட்டால் சரக்கு கெடும். அழுக்கான பருத்தி நூலைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு அலசலாம். நனைக்க இயலாத கணக்குப் புத்தகங்களைச் சில மணி நேரம் வெயிலில் வைக்கவும். புழுக்கை கலந்த அரிசியையும் மாவையும் உண்ணலாகாது.

எலி நடமாடிய இடத்தில் வேலை செய்தவருக்கு ஒரு மாதத்திற்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலி இருந்த செய்தியையும் மறவாமல் கூற வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் எலிக்காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்படும். தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் பழுதாகி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

பென்சில் பருமனுள்ள துளையிலும் சுண்டெலி நுழைந்துவிடும். துளைகளைக் கம்பிவலையும் சிமெண்டும் கொண்டு அடைத்து, மூட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகைமேல் அடுக்குவது நிரந்தரப் பாதுகாப்பு. இவற்றுக்கும், கையுறை, முகமூடி, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றுக்கும் ஆகும் செலவைப் பெருக்குபவரின் கைக்காசுக்கு விடாமல், சங்கத்தின் கணக்கிலேயே அனுமதிக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.